கடைசி சீட்டுச் சம்பந்தம்

அன்பும் பயமும் சரிபாதியாகக் கலந்த வணக்கங்களுடன் அக்காவுக்கு உன் தம்பி எழுதுவது.

இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் உன் மருமகளும் சுகம் என்று எழுத இத்தனை நாளாகக் கை வரவில்லை. இன்றைக்குத்தான் வருகிறது. அங்கே உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் தொலைத்த மூக்குக்கண்ணாடி கிடைத்ததா? கிடைக்கவில்லை என்றால் அவருடைய தலையில் ஒருமுறை பார்க்கவும். நல்ல சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியில் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய். நம் பெண்ணின் கல்யாணம் முடிவாகிவிட்டது. அதே பையன்தான். கோபப்படாதே, கிழித்துப் போடாதே, உட்கார்ந்து கடைசி வரை படி. படித்து முடிக்கும்போது நீயே பெட்டியை எடுத்துத் தூசி தட்டுவாய்.

போன தடவை போனில் நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "கடைசி சீட்டுக்காரன் வீட்டுல சம்பந்தமாடா? உங்க அத்தான் ரெண்டாவது வரிசை, ஜன்னலோரம்! அந்தக் கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன், இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்று வைத்துவிட்டாய். அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டித் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நீ. நீ இல்லாமல் என் வீட்டில் ஒரு கல்யாணமா? சரி, பெண்ணிடம் போய்ச் சொன்னால் அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அத்தை வராம எனக்குக் கல்யாணம் வேண்டாம். அவரைத் தவிர வேற ஆளும் வேண்டாம்." இதற்கு நான் என்ன செய்ய? ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவள், நடுவில் நான். நடுவில் உட்கார்ந்தே பழகியவன் என்றாலும் இந்த நடு எனக்குத் தாங்கவில்லை. தூக்கம் போயிற்று, பசி போயிற்று, தொழிற்சாலை ஸ்டோரில் ஆணி கேட்டு வந்தவனுக்கு வாஷரை அளந்து கொடுத்தேன். இதற்கிடையில் எனக்கு இன்னொரு குழப்பம், பஸ்ஸில் ஏறாத இந்தப் பெண் கடைசி சீட்டு வீட்டுப் பையனை எங்கே பார்த்தாள்? தொழிற்சாலை மருத்துவ அறையில் நர்ஸாகச் சேர்ந்த நாள் முதல் "நடந்தா உடம்புக்கு நல்லதுப்பா" என்று நடந்துதான் போகிறாள். கேட்டால் சிரிக்கிறாள்.

நம் கம்பெனி பஸ்ஸைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? அத்தானுடைய வாழ்க்கையில் பாதி அதில்தான் ஓடியது. இருந்தாலும் முறையாகச் சொல்லிக்கொண்டு வந்தால்தான் எனக்குப் பேனா நகரும். ஊருக்கெல்லாம் மின்விசிறி செய்து அனுப்புகிற கம்பெனி, ஆனால் அதன் பஸ்ஸில் ஒரு விசிறி கிடையாது. பழைய பஸ்ஸுக்கு ஒரே கதவு, அது டிரைவர் பக்கத்தில் முன்னால். யார் எங்கே உட்கார வேண்டும் என்று எவரும் எப்போதும் சொன்னதில்லை. ஆனால் முதல் இரண்டு வரிசை கணக்குப் பிரிவு, அடுத்து கொள்முதல், அடுத்து வரைபடம் போடுகிறவர்கள். சரியாக நடுவில் ஸ்டோர், அதாவது நான். எனக்குப் பின்னால் விசிறி மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிறவர்கள், அதற்குப் பின்னால் வார்ப்படக்காரர்கள், கடைசி வரிசை முழுக்கப் பெயிண்ட் பிரிவு. புதிதாக வேலைக்குச் சேருகிற ஆள் முதல் நாள் பஸ்ஸில் ஏறி இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான், அவன் இடம் அவனுக்கே தெரிந்துவிடும். அத்தான் ஓய்வு பெற்ற பிறகு அந்த ஜன்னலோர சீட்டில் ஒரு மாதம் யாரும் உட்காரவில்லை. பை வைக்கக்கூடப் பயந்தார்கள்.

கடைசி சீட்டைப் பற்றி நமக்கெல்லாம் மூன்று விஷயம் தெரியும். அவர்கள் சத்தம் போட்டுப் பேசுவார்கள், தொண்டை கிழியச் சிரிப்பார்கள். அவர்கள் உடம்பெல்லாம் தூசி. அவர்களுக்கு நேரத்தின் அருமை தெரியாது. இந்த மூன்றாவதற்கு ஆதாரமே உண்டு. வாசலில் இருக்கும் கடிகாரத்தில் அட்டையைச் செருகினால் மணி அடிப்பதற்கு முன் நீல மையில் நேரம் விழும், மணி அடித்த பின் சிவப்பில் விழும். பஸ் வந்து நிற்பதற்கும் மணி அடிப்பதற்கும் இடையில் முக்கால்வாசிப் பேர் இறங்கத்தான் நேரம் இருக்கும். கடைசி வரிசைக்குத் தினமும் சிவப்பு. சிவப்பு விழுந்தவனுக்குப் பதவி உயர்வு கிடையாது, பதவி உயர்வு இல்லாதவன் கடைசி வரிசையை விட்டு எழுந்து வர முடியாது. இதில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. எனக்கு வந்ததா என்று கேட்காதே, நான் என்றைக்கும் நீலம். நம் பெண் பார்த்து வைத்திருக்கும் பையனுடைய அப்பா அந்தப் பெயிண்ட் பிரிவின் ஃபோர்மேன், எல்லாரும் பெயிண்ட்காரர் என்றே கூப்பிடுவார்கள். கடைசி வரிசையில் நட்ட நடுவில் உட்கார்ந்து, எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரிக்கிற மனுஷர். நீ கோபித்துக்கொண்டதில் அப்போது எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் பழைய பஸ் நடு ரோட்டில் பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டது. கம்பெனி அவசரமாக வாடகைக்கு ஒரு பஸ் பிடித்தது. நல்ல பஸ்தான், மெத்தை கிழியவில்லை, ஹாரன் அடிக்கிறது. ஒரே ஒரு விஷயம், அதற்குக் கதவு பின்னால் இருந்தது. முதல் நாள் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் ஏறி, அவரவர் வழக்கமான வரிசைக்குப் போய் உட்கார்ந்தோம். அத்தான் பார்த்த வேலைக்கு வந்திருக்கும் கணக்கு ஆபீசர் பஸ்ஸின் மொத்த நீளத்தையும் நடந்து, பெயிண்ட்காரரின் காலை மிதித்து, வார்ப்படக்காரரின் டிபன் கேரியரைத் தாண்டி முதல் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தார். இத்தனை வருஷத்தில் கடைசி வரிசையின் முகங்களை அவர் கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன், "இவங்கல்லாம் நம்ம கம்பெனியா?" என்று யாரையோ கேட்டார். தொழிற்சாலை வாசல் வந்தது. கதவு திறந்தது. பெயிண்ட் பிரிவு முதலில் இறங்கியது.

அக்கா, அந்தக் காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும்! பெயிண்ட்காரர் அட்டையைச் செருகினார், நீலம் விழுந்தது. மறுபடி பார்த்தார், நீலம்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவை. வீட்டில் பெண்டாட்டிக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று அட்டையோடு திரும்பி நடக்கப் பார்த்தார், காவலாளி விடவில்லை. கணக்கு ஆபீசர் கடைசியாக இறங்கி, வேர்த்து வழிய ஓடி வந்து செருகினார், சிவப்பு. வேறு யாருக்கோ வந்த தபாலைக் கையில் கொடுத்துவிட்ட மாதிரி அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெஷின் ரிப்பேர்" என்றார். மறுநாளும் மெஷின் ரிப்பேர். மூன்றாம் நாள் அவர் பஸ் நிறுத்தத்துக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றார்.

அன்றைக்குப் பஸ்ஸில் அவர் பேசிய பேச்சு இருக்கிறதே! "நீங்களே சொல்லுங்க, கார்ல முதலாளி எங்க உக்காருவார்? பின்னாடிதானே? டிரைவர் பக்கத்துல யாரு உக்காருவா? பெரிய மனுஷனுக்கு எப்பவும் பின் சீட்டுதான் மரியாதை. நாமதான் இத்தனை நாளா தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருந்தோம்." கணக்குப் பிரிவு தலையாட்டியது, கொள்முதல் தலையாட்டியது, எல்லாரையும் விட அதிகமாக நான் தலையாட்டினேன். கேட்கும்போது அவ்வளவு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் பெயிண்ட் பிரிவு அசையவில்லை. கடைசி வரிசை பூராவும் கைக்குட்டையும் டிபன் கேரியரும் பரப்பி வைத்துவிட்டார்கள். கணக்குப் பிரிவு அதற்கு முந்திய வரிசைகளைப் பிடித்தது, அங்கே இருந்த வார்ப்படக்காரர்களும் காயில் சுற்றுகிறவர்களும் எழுப்பப்பட்டு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை, ஏதோ அரசாங்கமே மாறிவிட்டது மாதிரி மூட்டை முடிச்சோடு இடம் மாறினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. பின் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்த கணக்கு ஆபீசர் ஒரே வாரத்தில் கத்திப் பேச ஆரம்பித்துவிட்டார். மெதுவாகப் பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்காது, அந்த ஆட்டம் ஆடுகிறது, அந்த இரைச்சல் இரைகிறது. குழியில் விழுந்து எழும்போதெல்லாம் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்கிறார்கள், சிரிக்காமல் என்ன செய்வது? கதவு வழியாக வருகிற புழுதியெல்லாம் அவருடைய வெள்ளைச் சட்டையில்தான் இறங்குகிறது. முன்னால் போன காயில்காரர்கள் என்ன ஆனார்கள் தெரியுமா? கப்சிப். இஸ்திரி கலையாத சட்டை, மடித்த பேப்பர், கண்ணாடியில் டிரைவர் பார்க்கிறாரே என்று ஒரு நாகரிகம். ஆனால் இறங்கும்போது கடைசி, அட்டையில் சிவப்பு. கணக்கு ஆபீசர் என்னிடம் குனிந்து சொன்னார், குனிந்தாரே தவிர கத்தித்தான் சொன்னார். "முன் சீட்டுக்காரங்களே இப்படித்தான் சார், நேரத்தோட அருமை தெரியாது!" போன மாதம் வரைக்கும் தானே அங்கே உட்கார்ந்திருந்த நினைப்பு அவருக்குத் துளியும் இல்லை. பொய் சொல்கிறார் என்றும் சொல்ல முடியாது, மனதாரத்தான் சொல்கிறார்.

எனக்கு மட்டும் இடம் மாறவில்லை, நடு வரிசை அதே நடு வரிசை. மாறியது கழுத்து. இத்தனை காலமும் பெரிய மனுஷர்களின் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தவன், இப்போது அவர்களிடம் ஒரு வணக்கம் வைக்க வேண்டுமென்றால் முழுசாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. திரும்பித் திரும்பிக் கழுத்துப் பிடித்துக்கொண்டு, உன் தம்பி பெண்டாட்டி தைலம் தேய்த்துவிட்டு, "யாரைப் பாக்கறதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டாள். நான் கழுத்தின் மறு பக்கத்தைக் காட்டினேன்.

ஆனால் அந்தக் கழுத்து வலியில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது கடைசி சீட்டுதானே முதல் சீட்டு? அப்படியென்றால் உன் கோபத்துக்கு இனி காரணமே இல்லையே! அந்த ஞாயிற்றுக்கிழமையே சட்டையை மாற்றிக்கொண்டு பெயிண்ட்காரர் வீட்டுக்குப் போனேன். என்ன இருந்தாலும் பெண் வீட்டுக்காரனாக நானே நடந்து போகிறேனே, இறங்கி வருகிறேனே, பூரித்துப் போவார்கள் என்று நினைத்தேன். சின்ன வீடு, பளிச்சென்று இருந்தது. தரையில் ஒரு தூசி இல்லை. பெயிண்ட்காரர் நாற்காலி போட்டு, பேசினார் பாரு, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டேன். அவ்வளவு மெதுவாகப் பேசுகிறவர்! "அப்புறம் பஸ்ஸுல மட்டும் ஏங்க அப்படிக் கத்துறீங்க?" என்று கேட்டுவிட்டேன். "சக்கரத்து மேல உக்காந்தா நீங்களும் கத்துவீங்க" என்று சிரித்தார்.

நான் விஷயத்துக்கு வந்தேன். அவர் தலையாட்டினார். அவருடைய வீட்டம்மாதான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் யோசனையோடு சொன்னார். "பொண்ணு தங்கமான பொண்ணு, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எங்க பக்கத்துல நாலு பேரு கேப்பாங்க பாருங்க. நீங்க நடு வரிசை. எறங்கறதுக்குக் கொஞ்சம் தாமதம் ஆகும் இல்லீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வாரம் யோசிச்சுச் சொல்றோமே."

அக்கா, என் முகத்தில் ஈயாடவில்லை. யாரைப் பார்த்து யார் யோசிப்பது! நீல மை விழ ஆரம்பித்து இன்னும் ஒரு அட்டைகூட நிரம்பவில்லை, அதற்குள் நாம் அவர்களுக்குக் குறைந்துவிட்டோமா? எழுந்து வந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது, உட்கார்ந்தேன். "நடு வரிசைன்னாலும் கதவுக்குக் கொஞ்சம் பக்கந்தாங்க, நான் வேகமா எறங்குவேன்" என்று கெஞ்சுகிற குரலில் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என் குரல் என்றே தெரிந்தது. பெயிண்ட்காரருக்குச் சங்கடமாகிவிட்டது. "அட விடும்மா, அவரைப் போய்..." என்று பெண்டாட்டியை அதட்டப் பார்த்தார். அந்தம்மா அசையவில்லை. அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நம்மைப் பற்றி அந்த வீட்டில் என்ன பேசுவார்கள், நம் குடும்பத்தில் என்ன குறை கண்டுபிடிப்பார்கள் என்று ஸ்டோரில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். நீ போனில் சொன்னது அவர்கள் காதுக்குப் போயிருந்தால் அவர்களும் இப்படித்தானே உட்கார்ந்திருப்பார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேற்றுக் காலையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல் பஸ்ஸையே தூக்கியது. "சம்பந்தி! எங்க வீட்டுல சரின்னுட்டாங்க!" மொத்த பஸ்ஸும் திரும்பியது. டிரைவர்கூடத் திரும்பினார், அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது. கணக்கு ஆபீசர் எழுந்து எனக்குக் கை கொடுத்தார், பெயிண்ட்காரர் டிபன் கேரியரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பக்கத்தில் இடம் விட்டார். நான் முதல் முறையாகக் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். சக்கரம் தூக்கிப் போட்டது. அவர் என்னவோ கேட்டார், நான் என்னவோ கத்தினேன், குழியில் விழுந்து எழுந்தோம், இரண்டு பேரும் தொண்டை கிழியச் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லிக்கொண்டேன். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது, அக்கா. நேற்று இரவு நான் விட்ட குறட்டையில் பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்களாம்.

மனசு லேசானதும் புத்தியும் கொஞ்சம் வேலை செய்கிறது. ஒரு கதவை எவனோ ஒரு பட்டறையில் முன்னால் வைத்தான், அதை வைத்துக்கொண்டு நாம் இவர்கள் இப்படி, அவர்கள் அப்படி என்று ஒரு உலகத்தையே கட்டிவிட்டோம். கதவைப் பின்னால் வைத்தார்கள், உலகத்தை இடிக்கவில்லை, அப்படியே திருப்பிப் போட்டுக்கொண்டோம். முன்னால் உட்கார்ந்தவனுக்கு அது பிடித்திருந்ததில் ஆச்சரியமில்லை. பின்னால் இருந்தவன் தன் முறை வரட்டும் என்று இருந்திருக்கிறான். ஆனால் இதையெல்லாம் இத்தனை வருஷம் விழாமல் தாங்கிப் பிடித்தது என்னைப் போல நடுவில் உட்கார்ந்தவன்தான். முன்னால் இருக்கிறவர் ஒருமுறை திரும்பிப் பார்க்க மாட்டாரா என்று ஏங்கிக்கொண்டே போவோம், ஆனால் பின்னால் நாலு வரிசை இருக்கிறது என்ற நினைப்பில் நிம்மதியாக மூச்சு விடுவோம். இனி எனக்கு அந்த நினைப்பு வேண்டாம். முன்னும் இல்லை, பின்னும் இல்லை, மனுஷன் மனுஷன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். நீயும் முடிவு செய். உனக்கு அந்தஸ்துதான் முக்கியம் என்றால், சம்பந்தி வீடு இப்போது கதவுப் பக்கம். அந்தஸ்து முக்கியமில்லை என்றால் பேச்சே இல்லை. எப்படிப் பார்த்தாலும் நீ வந்தாக வேண்டும். அடுத்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை. நீ வந்து முன்னால் நின்றால்தான் எனக்குக் கல்யாணம்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். ரெண்டாவது வரிசை விஷயத்தை அவரிடம் பக்குவமாகச் சொல்லவும். உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன், என் கழுத்து போக மிச்சம் இருக்கிறது. பெரியவளாகிய நீ அங்கிருந்தே கையைத் தூக்கி எங்கள் மூவரையும் வாழ்த்து, ஆனால் நேரில் வந்து வாழ்த்து.

இப்படிக்கு,
உன் காலடியில் வளர்ந்த தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் பஸ் டிரைவர் வாசலில் நின்று ஒரு சேதி சொல்லிவிட்டுப் போனார். வாடகை பஸ்ஸைத் திருப்பி அனுப்புகிறார்களாம். நாளை முதல் கம்பெனியே வாங்கிய புது பஸ். அதற்குக் கதவு நடுவில். சரியாக ஸ்டோர் வரிசைக்கு நேர் எதிரே, நான் காலை நீட்டினால் படி! இனி முதலில் இறங்கப் போவது யார் என்று உனக்கே தெரியும். நான் என்னவோ அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது. நடு வரிசை என்றால் சும்மாவா? நிதானமாக உட்கார்ந்து யோசித்தால் சமுதாயத்துக்கே அச்சாணி அதுதான். கடைசி சீட்டு கடைசி சீட்டுதானே, அந்தச் சத்தமும் தூசியும் ரத்தத்தில் ஊறியதாயிற்றே. நம் தகுதிக்கு அந்த இடம் சரிவருமா? பத்திரிகை அடிக்க இன்னும் கொடுக்கவில்லை. நீ கெட்டிக்காரி, அப்போதே சொன்னாய். நாமும் ஒரு வாரம் யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிடலாமா? உடனே பதில் எழுது.

அத்தை, இது நான். தபாலில் போடச் சொல்லி அப்பா என்னிடம் கொடுத்தார், ஒட்டாமல் கொடுத்தது அவர் தப்பு. மேலே இருக்கும் பின்குறிப்பைப் படித்துவிட்டேன். அதை அடித்து அழிக்கவில்லை, நீங்களும் படிக்க வேண்டும் என்று விட்டிருக்கிறேன். பத்திரிகை அடிக்க நேற்றே கொடுத்தாயிற்று, அப்பாவுக்குத்தான் தெரியாது. புது பஸ்ஸுக்குக் கதவை எங்கே வைத்தாலும் எங்களுக்கு ஒன்றுதான், நாங்கள் இரண்டு பேரும் ஆரம்பத்திலிருந்தே வேலைக்கு ஒன்றாக நடந்துதான் போகிறோம். கல்யாண மண்டபமும் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். வசதியான செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் முழங்காலுக்கு ஒரு பக்கம் நான் கை கொடுக்கிறேன், இன்னொரு பக்கம் அவர் கொடுப்பார்.